அருள்புரத்துப் பள்ளங்களுக்கு ஒரு விதி

திருப்பூரிலிருந்து பல்லடம் போகும் சாலையில் வீரபாண்டியைத் தாண்டினால் அருள்புரம். கரைப்புதூர் ஊராட்சியைச் சேர்ந்த ஊர். பனியன் தொழிலுக்கு வெளியே இருப்பவர்களுக்கு இந்தப் பெயர் அவ்வளவாகத் தெரியாது. ஆனால் இந்தியாவில் ஆலைக் கழிவுநீர் எப்படிக் கட்டுக்குள் வந்தது என்று யார் எழுதினாலும் அருள்புரத்தைச் சொல்லாமல் எழுத முடியாது. 2011 ஜனவரி 28-ல் சென்னை உயர் நீதிமன்றம் திருப்பூரின் சாய, சலவைப் பட்டறைகளை ஒட்டுமொத்தமாக மூடச் சொன்னது. 700-க்கும் மேற்பட்ட பட்டறைகள் நின்றுபோயின. அந்த மாதங்களில், கழிவிலிருந்து பிரித்தெடுத்த உப்புநீரைத் திரும்பவும் சாயமேற்றவே பயன்படுத்தும் முறை இங்குள்ள பொதுச் சுத்திகரிப்பு நிலையத்தில்தான் முதலில் ஓட்டிக் காட்டப்பட்டது. நாளொன்றுக்கு 55 லட்சம் லிட்டர் கையாளக்கூடிய அந்த நிலையம் தேறிய பிறகே மற்ற நிலையங்களுக்கும் வழி பிறந்தது. மாநில அரசு ரூ.200 கோடி வட்டியில்லாக் கடன் கொடுத்துக் கைதூக்கிவிட்டது.

அந்த மாற்றம் தானாக வந்துவிடவில்லை. நொய்யலின் கடைமடை விவசாயிகள் அதற்காக வருடக்கணக்கில் நீதிமன்றப் படிகளில் ஏறி இறங்கினார்கள். பாசனத்துக்காக 1990-களின் தொடக்கத்தில் கட்டப்பட்ட ஒரத்துப்பாளையம் அணை, சில ஆண்டுகளிலேயே சாயக்கழிவின் தேக்கத்தொட்டியாக மாறியிருந்தது. கழிவுநீர் பாய்ந்த நிலத்தில் உப்புப் பூத்தது, கிணற்று நீரை மாடுகூடக் குடிக்க மறுத்தது. நொய்யல் ஆற்று ஆயக்கட்டுதாரர்கள் பாதுகாப்புச் சங்கம் 2003-ல் தொடுத்த வழக்கில், 2006 டிசம்பரில் உயர் நீதிமன்றம் கெடு விதித்தது. வெளியேற்றும் கழிவுநீருக்கு லிட்டருக்கு இத்தனை பைசா என்று அபராதமும் போட்டது. 2009 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் அதை உறுதிசெய்தது. அதன் பிறகும் கழிவு நிற்காததால்தான் 2011-ன் மூடல் உத்தரவு.

இவ்வளவு பாடுபட்டுக் காப்பாற்றிய நீர்வழி இப்போது வேறொரு வகையில் அழிந்துகொண்டிருக்கிறது. சட்டம் குழாயைப் பிடித்தது. குழாய் வழியாக வராத அழிவைப் பிடிக்க அதற்குக் கை எட்டவில்லை.

பல்லடம் பக்கத்து மேட்டிலிருந்து திருப்பூர் நோக்கி நிலம் வடக்கே சரிகிறது. அந்தச் சரிவில் விழும் மழையெல்லாம் சின்னச் சின்னப் பள்ளங்களாகக் கூடி, ஓடைகளாகி, கடைசியில் நொய்யலைச் சேர வேண்டும். கொங்கு நாட்டில் பள்ளம் என்றால் குழி அல்ல, காட்டாற்றின் தம்பி. வருடத்தில் பெரும்பாலான நாள் காய்ந்து கிடக்கும். ஐப்பசி, கார்த்திகையில் இரண்டு மூன்று முறை மட்டும் கரை தொட்டு ஓடும். திருப்பூர் மாவட்டத்தில் ஆண்டு முழுவதும் பெய்வதே ஏறத்தாழ 600 மில்லிமீட்டர்தான். அதிலும் பெரும்பங்கு வடகிழக்குப் பருவமழை. கீழே கடும்பாறை, மேலே மெல்லிய செம்மண். இப்படிப்பட்ட நிலத்தில் தண்ணீர் மண்ணுக்குள் இறங்குவதற்கு வாகான இடங்களில் முதன்மையானது பள்ளத்தின் மணற்படுகை. பள்ளத்தங்கரைக் கிணறு கடைசியில்தான் வற்றும் என்பது இந்தப் பகுதி விவசாயிகள் கண்டறிந்த பாடம்.

நிலத்துக்கு விலை ஏறாத காலத்தில் இந்தப் பள்ளங்களைத் தொட யாருக்கும் தேவை இருக்கவில்லை. பனியன் தொழில் வளர்ந்தபோது தறிக்கூடமும் நிட்டிங் யூனிட்டும் கிடங்கும் தொழிலாளர்களுக்கான லைன் வீடுகளும் பல்லடம் சாலையின் இருபுறமும் காடுதோட்டங்களுக்குள் பரவின. மேட்டாங்காட்டைச் சமன்படுத்தி, கிராவல் கொட்டி, கல் நட்டு, சைட் பிரிப்பதற்குச் சில வாரங்கள் போதும். சைட்டின் நடுவே பள்ளம் குறுக்கிட்டால் அது நிரவப்படுகிறது, அல்லது ஓரத்துக்குத் தள்ளப்பட்டு ஒரு சிமென்ட் குழாய்க்குள் அடைக்கப்படுகிறது. காம்பவுண்டுச் சுவர் எழும்பிய பிறகு அந்த இடத்தில் பள்ளம் இருந்ததற்கு அடையாளமே மிஞ்சாது.

பள்ளத்தோடு இட்டேரியும் போகிறது. இரண்டு தோட்டங்களுக்கு நடுவே தாழ்ந்து செல்லும் அந்தப் பாதையில் மாட்டுவண்டி போனது. மழை நாளில் அதுவே தண்ணீருக்கும் தடம். இருமருங்கும் கிளுவை வேலி, கள்ளி, வேம்பு, வெள்வேல். கீரியும் சாரைப்பாம்பும் கௌதாரியும் உடும்பும் ஊருக்குள்ளேயே வாழ்ந்தது இந்த வேலிகளால்தான். இட்டேரியை அகலப்படுத்தித் தார் போடும்போது வேலி போகிறது, வேலியோடு அதை நம்பியிருந்த உயிர்களும் போகின்றன. காடு அழிந்தால் கேட்பதற்கு வனத்துறை உண்டு. வேலி அழிந்தால் கேட்க எந்தத் துறையும் இல்லை.

ஒரு ஏக்கர் என்பது ஏறத்தாழ 4,047 சதுர மீட்டர். அந்த ஏக்கர் முழுவதும் தகரக் கூரையும் காங்கிரீட் தளமுமாக இருந்து, அதன்மேல் 50 மில்லிமீட்டர் மழை பெய்தால், விழுவது 2 லட்சம் லிட்டர். ஒரு நல்ல ஐப்பசி மழைக்கு இது சாதாரண அளவு. அதே ஏக்கர் சோளக்காடாக இருந்தபோது மண் உறிஞ்சியது போக, வரப்பில் தேங்கியது போக, மிச்சம் மெல்ல வழிந்து பள்ளத்தைச் சேர்ந்தது. இப்போது ஏறக்குறைய முழுவதும் ஒரே மணி நேரத்தில் சாலையில் இறங்குகிறது. அதைச் சுமக்க வேண்டிய பள்ளமோ பாதி அகலத்துக்குச் சுருங்கிவிட்டது. கட்டுமானம் கூடுகிறது, வழி குறைகிறது; இரண்டும் ஒரே நேரத்தில், ஒரே ஊரில் நடக்கின்றன. நீர்வழிகளைப் பற்றிய அமெரிக்க ஆய்வுகள் 1990-களிலேயே ஒரு கணக்கைச் சொல்லியிருக்கின்றன: ஓர் ஓடையின் நீர்ப்பிடிப்பில் தண்ணீர் இறங்காத பரப்பு 10 சதவீதத்தைத் தாண்டினால் ஓடையின் உயிர்ச்சூழல் கெடத் தொடங்குகிறது, 25 சதவீதத்தைத் தாண்டினால் அது ஏறக்குறைய வெறும் வடிகால் ஆகிவிடுகிறது. அந்த எண்கள் நம்முடைய வறண்ட நிலத்துக்கு அப்படியே பொருந்த வேண்டியதில்லை. ஆனால் நிலம் மூடப்படுவதற்கு ஓர் எல்லை உண்டு என்ற அடிப்படை எங்கும் ஒன்றுதான்.

எல்லை மீறினால் என்ன ஆகும் என்பதைத் திருப்பூர் பார்த்துவிட்டது. சாயப்பட்டறைகள் மூடப்பட்ட அதே 2011-ல், நவம்பரில், ஒரு கனமழையில் நகருக்குள் ஓடும் ஜம்மனை ஓடையும் சங்கிலிப்பள்ளமும் கரை மீறின. கரையோர வீடுகள் அடித்துச் செல்லப்பட்டன, உயிர்கள் போயின. இறந்தவர்கள் ஓடைக்கரையைத் தவிர வேறு இடத்தில் வீடு கட்டிக்கொள்ள முடியாத ஏழைகள். அப்போது எழுந்த பேச்செல்லாம் ஓடையோர ஆக்கிரமிப்பு பற்றியதாகவே இருந்தது. மேலே, நீர்ப்பிடிப்பில், பட்டா நிலத்தில், முறையான அனுமதியோடு மண் மூடப்பட்டதைப் பற்றி யாரும் அதிகம் பேசவில்லை. வெள்ளத்தை வேகமாக்கியதில் குடிசைகளுக்கு இருந்த பங்கைவிடக் கூரைகளுக்கும் தார்ச்சாலைகளுக்கும் இருந்த பங்கு பெரிது. இதைச் சொல்லாமல் குடிசைகளை மட்டும் அப்புறப்படுத்துவது நீதியாகாது.

விதிகளே இல்லை என்றும் சொல்லிவிட முடியாது. மழைநீர் சேகரிப்பைத் தமிழ்நாடு 2003-லேயே எல்லாக் கட்டடங்களுக்கும் கட்டாயமாக்கியது; அந்த வகையில் நாட்டுக்கே வழிகாட்டிய மாநிலம் இது. ஓடைப் புறம்போக்கில் குடியிருப்போருக்குப் பட்டா தர முடியாது என்றும், மாநிலம் முழுவதும் இப்படிப்பட்ட நீர்வழிகளை அடையாளம் கண்டு மீட்க வேண்டும் என்றும் எல்.கிருஷ்ணன் வழக்கில் 2005-ல் உயர் நீதிமன்றம் சொன்னது. குளங்களைக் காக்கவும் ஆக்கிரமிப்பை அகற்றவும் 2007-ல் தனிச் சட்டம் வந்தது. அங்கீகாரமற்ற மனைகளின் பத்திரப்பதிவுக்கு 2016 செப்டம்பரில் நீதிமன்றம் தடை போட்டது. அடுத்த ஆண்டு வரன்முறை விதிகள் வந்தபோதும் நீர்நிலையில் அமைந்த மனைகளுக்கு விலக்கு கிடையாது என்று எழுதினார்கள். 2019-ல் ஒருங்கிணைந்த வளர்ச்சி மற்றும் கட்டட விதிகள் மாநிலம் முழுமைக்கும் வந்தன.

இத்தனை இருந்தும் பள்ளம் சாவது எப்படி? விடை கிராம வரைபடத்தில் இருக்கிறது. வருவாய்த் துறையின் அ பதிவேட்டில் ஓடைப் புறம்போக்கு என்று பதிவான பள்ளத்துக்குத்தான் மேற்சொன்ன பாதுகாப்பெல்லாம். ஆனால் பட்டா நிலத்துக்குள் உருவாகி, நாலைந்து தோட்டங்களைக் கடந்து, பிறகே புறம்போக்கில் நுழைகின்ற முதல்நிலைப் பள்ளங்கள் ஏராளம். காகிதத்தில் அவற்றுக்குப் பெயர் கிடையாது, சர்வே எண் கிடையாது. அந்த இடத்தில் மனைப்பிரிவு போடுகிறவர் எந்தச் சட்டத்தையும் மீறவில்லை. உடம்பில் பெரிய இரத்தக் குழாய்களை மட்டும் காப்பாற்றி நுண்குழாய்களை அறுத்துவிடுவதைப் போன்றது இது. புறம்போக்கு ஓடையில் ஒரு அடிகூட ஆக்கிரமிப்பு இல்லாமலேயே அதை வறளச் செய்துவிட முடியும்.

இரண்டாவது ஓட்டை அளவில் இருக்கிறது. மழைநீர்த் தொட்டி இருக்கிறதா என்று பார்க்கிறார்களே தவிர, அந்தக் கூரையில் விழும் மழையில் எவ்வளவை அது கொள்ளும் என்று நடைமுறையில் யாரும் அளப்பதில்லை. இரண்டு ஏக்கர் கிடங்குக்கும் ஒரு மூலையில் ஜல்லி நிரப்பிய குழி இருந்தால் கணக்கு முடிந்தது. 2024 ஜூலையிலிருந்து 2,500 சதுர அடி வரையிலான மனையில் 3,500 சதுர அடி வரை வீடு கட்ட சுயசான்று அடிப்படையில் உடனடி அனுமதி கிடைக்கிறது. நடுத்தரக் குடும்பங்களை அலையவிடாத நல்ல ஏற்பாடு அது; குறைசொல்ல வேண்டியதில்லை. ஆனால் வீட்டளவில் ஆய்வு இல்லை என்றால், நீர்வழியைப் பற்றிய கேள்வியை மனைப்பிரிவு போடும் கட்டத்திலேயே முடித்தாக வேண்டும். அந்தக் கட்டத்தைத் தவறவிட்டால் பிறகு கேட்க யாரும் இல்லை.

மனைப்பிரிவில் திறந்தவெளி ஒதுக்கீடு என்று ஒரு விதி உண்டு. 3,000 சதுர மீட்டரைத் தாண்டிய இடத்தில் 10 சதவீதம் பொதுவுக்கு விட வேண்டும். 10,000 சதுர மீட்டர் வரை, நிலமாக விட முடியாவிட்டால் வழிகாட்டி மதிப்பில் பணமாகக் கட்டிவிடலாம். நிலமாகவே விட்டாலும் அது பள்ளத்தை ஒட்டி இருக்க வேண்டும் என்று கட்டாயம் இல்லை. விளைவு, பூங்கா என்ற பெயரில் எங்கோ ஒரு முக்கோணத் துண்டு கிடக்கிறது, பள்ளம் வேறெங்கோ மூடப்படுகிறது. இந்த ஒரே விதியில் ஒரே ஒரு திருத்தம் போதும்: இடத்துக்குள் பள்ளமோ ஓடையோ இருந்தால் அந்த 10 சதவீதம் முதலில் அதன் இரு கரைகளிலும்தான் விடப்பட வேண்டும், அங்கே பணமாகக் கட்டும் சலுகை கிடையாது. மனைப்பிரிவு போடுகிறவருக்கு இதனால் ஒரு சென்ட்கூடக் கூடுதலாக நட்டம் இல்லை. எப்படியும் விட வேண்டிய நிலத்தை விட வேண்டிய இடத்தில் விடுகிறார், அவ்வளவுதான்.

இந்த நேரத்தில் மாநில அரசு எதிர்த்திசையில் ஓர் அடி வைத்திருப்பது கவலை தருகிறது. 2023 ஏப்ரலில் சட்டமன்றத்தில் நிறைவேறி, 2024-ல் நடைமுறைக்கு வந்த சிறப்புத் திட்டங்களுக்கான நில ஒருங்கிணைப்புச் சட்டம், 100 ஹெக்டேருக்குக் குறையாத பெரிய திட்டங்களின் எல்லைக்குள் வரும் நீர்நிலைகளையும் கால்வாய்களையும் ஓடைகளையும் திட்ட நிலத்தோடு சேர்த்துக் கையாள வழிசெய்கிறது. சூழலியலாளர்களும் விவசாயச் சங்கங்களும் எதிர்த்தது நியாயமே. ஓடையை அதன் சரிவிலிருந்து பிரித்துக் காகிதத்தில் நகர்த்தலாம். மழை காகிதம் பார்த்து ஓடுவதில்லை.

வெளியூர் அனுபவங்கள் இதில் உதவும். சிங்கப்பூரில் 2014 முதல், 0.2 ஹெக்டேர், அதாவது ஏறத்தாழ அரை ஏக்கரும் அதற்கு மேலும் உள்ள புதிய கட்டுமானங்கள் தங்கள் இடத்திலிருந்து பாயும் மழைநீரின் வேகத்தைத் தாங்களே குறைத்துத்தான் பொதுவடிகாலில் விட வேண்டும். அதே சிங்கப்பூர், பிஷான் பூங்காவில் காங்கிரீட் கால்வாயாக இருந்த காலாங் ஆற்றின் ஒரு பகுதியை 2012-ல் மண்கரையும் வளைவும் உள்ள ஆறாகத் திரும்ப மாற்றியது. 2.7 கிலோமீட்டர் நேர்க்கால்வாய் 3.2 கிலோமீட்டர் வளைந்தோடும் ஆறாயிற்று. நகரம் அதனால் வெள்ளத்தில் மூழ்கிவிடவில்லை. அமெரிக்காவின் பிலடெல்பியாவில் 15,000 சதுர அடிக்கு மேல் மண்ணைக் கிளறும் எந்தக் கட்டுமானமும் முதல் ஒன்றரை அங்குல மழையைத் தன் எல்லைக்குள்ளேயே சமாளிக்க வேண்டும். முதலில் ஓர் அங்குலமாக இருந்த விதியை 2015-ல் உயர்த்தினார்கள்.

இரண்டு இடங்களிலும் கவனிக்க வேண்டியது, விதி ஓர் அளவைச் சொல்கிறது. 'மழைநீரைச் சேமியுங்கள்' என்ற புத்திமதியோடு நிற்கவில்லை. எவ்வளவு நிலம், எவ்வளவு மழை, யார் பொறுப்பு என்று எழுதியிருக்கிறது. அரை ஏக்கர் என்ற வரம்பு அருள்புரத்துக்கும் பொருந்தும். சொந்த வீடு கட்டும் டெய்லருக்கும் செக்கிங் வேலைக்குப் போகும் பெண்ணுக்கும் இதனால் சுமை இல்லை. பெரிய ஷெட்டுகளும் கிடங்குகளும் மனைப்பிரிவுகளும் மட்டும் உள்ளே வரும். முதல் 50 மில்லிமீட்டர் மழையைச் சொந்த இடத்திலேயே தேக்கி, இறக்கி, மிச்சத்தை மெல்ல விட வேண்டும் என்று எழுதினால், ஏக்கருக்கு 2 லட்சம் லிட்டர் என்ற அந்தக் கணக்குக்கு ஒரு பொறுப்பாளர் கிடைப்பார். ஷெட் போடும்போதே தரைக்கடியில் தொட்டி கட்டினால் அந்தத் தண்ணீர் தொழிலுக்கும் ஆகும். திருப்பூர் தன் தொழில் தண்ணீரை நாளொன்றுக்கு 18.5 கோடி லிட்டர் கொள்ளளவுள்ள திட்டத்தின் மூலம் 2005 முதல் வெளியிலிருந்து விலைக்கு வாங்கிக்கொண்டிருக்கும் ஊர் என்பதை மறக்கக் கூடாது.

கரையிலிருந்து எத்தனை மீட்டர் விட வேண்டும் என்பதில் பெங்களூரின் அனுபவம் ஓர் எச்சரிக்கை. அங்கே 2016-ல் தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் ஏரிகளுக்கு 75 மீட்டரும் ராஜகால்வாய்களுக்கு அவற்றின் அளவைப் பொறுத்து 50, 35, 25 மீட்டரும் இடைவெளி விடச் சொன்னது. 2019 மார்ச்சில் உச்ச நீதிமன்றம் அதை ரத்து செய்தது. சட்டப்படி வகுத்த முழுமைத் திட்டத்தைத் தீர்ப்பாயம் மாற்றி எழுத முடியாது என்பது காரணம். ஆகவே கரை இடைவெளி வழக்கின் முடிவில் கிடைக்கும் என்று காத்திருப்பதில் பயனில்லை. அது திட்ட விதியிலேயே, முன்கூட்டியே, சர்வே எண்ணோடு இருக்க வேண்டும். திருப்பூருக்கு முழுமைத் திட்டம் வகுக்கும் அதிகாரிகள் நில உபயோக வரைபடத்தில் வண்ணம் தீட்டுவதற்கு முன்னால் பள்ள வரைபடத்தைக் கையில் எடுக்க வேண்டும்.

நஞ்சராயன் குளத்தைப் பார்த்தால் இதன் அவசரம் புரியும். திருப்பூருக்கு வடகிழக்கே நல்லாற்று நீரால் நிறையும் அந்தக் குளம் 2022-ல் தமிழகத்தின் 17-வது பறவைகள் சரணாலயமானது. 2024 ஆகஸ்டில் ராம்சர் பட்டியலில் இடம்பிடித்தது. 191 வகைப் பறவைகளும் 87 வகைப் பட்டாம்பூச்சிகளும் அங்கே பதிவாகியிருக்கின்றன; இமயத்தைத் தாண்டி வரித்தலை வாத்துகள் வந்திறங்குகின்றன. ஒரு தொழில் நகரத்துக்கு இது பெரிய பேறு. ஆனால் சரணாலய எல்லை 125 ஹெக்டேரோடு நிற்கிறது. குளத்துக்குத் தண்ணீர் தரும் நல்லாறும், நல்லாற்றுக்குத் தண்ணீர் தரும் பள்ளங்களும் அந்த எல்லைக்கு வெளியே சாதாரண நிலமாகவே கிடக்கின்றன. குளத்துக்குச் சர்வதேச அங்கீகாரம் கிடைத்தது. அதன் வாய்க்கு மேலே மனைப்பிரிவு போடுகிறவரிடம் கேட்க உள்ளூரில் ஒரு கேள்விகூட எழுதப்படவில்லை.

அத்திக்கடவு - அவிநாசித் திட்டமும் இதே கேள்வியை எழுப்புகிறது. அறுபது ஆண்டு கால மக்கள் கோரிக்கை, 2024 ஆகஸ்டில் தொடங்கி வைக்கப்பட்டது. ரூ.1,916 கோடி செலவு. பவானியின் உபரி நீரை ஏற்றி, மூன்று மாவட்டங்களில் 1,045 குளம் குட்டைகளை நிரப்புகிறார்கள். கொண்டாட வேண்டிய திட்டம்தான். ஆனால் இங்கே பெய்யும் மழை குட்டைக்கு வரும் வழியை ஒரு பக்கம் அடைத்துக்கொண்டே, வெகு தொலைவிலிருந்து மோட்டார் வைத்துக் குட்டையை நிரப்புவது எத்தனை ஆண்டுக்கு நடக்கும்? பவானியில் உபரி இல்லாத ஆண்டில் குழாய் காற்றுத்தான் தரும். அந்த ஆண்டிலும் ஒரு நல்ல மழை பெய்தால் நிரப்பக்கூடியது பள்ளம் மட்டுமே.

தொழில்துறையினர் இதை இன்னொரு தலைவலியாகப் பார்ப்பார்கள். ஆண்டுக்குச் சுமார் ரூ.40 ஆயிரம் கோடிக்குப் பின்னலாடை ஏற்றுமதி செய்யும் ஊர், ஏற்கெனவே கூலி, நூல் விலை, ஏற்றுமதிச் சந்தை என்று நாலா பக்கமும் நெருக்கடியில் நிற்கிறது. அந்தச் சிரமம் உண்மையானது. ஆனால் கழிவுநீர் விதி வந்தபோதும் திருப்பூர் அழிந்துவிடும் என்றுதான் சொன்னார்கள். அழியவில்லை, இன்று வெளிநாட்டு வாங்குநர்களிடம் இந்த ஊர் பெருமையாகச் சொல்லிக்கொள்வதே அந்தச் சுத்திகரிப்பைத்தான். மழைநாளைச் சாக்காக வைத்து இரவோடு இரவாகச் சாயநீரைப் பள்ளத்தில் திறந்துவிடும் சிலர் இன்னும் இருக்கிறார்கள், செய்திகளில் வந்தவண்ணமும் இருக்கிறது. பள்ளம் திறந்து, கரை தெரிந்து, மக்கள் நடமாடும் இடமாக இருந்தால் அந்தத் திருட்டும் குறையும். மூடிய குழாய்க்குள் எந்த நிறத்தில் தண்ணீர் ஓடினாலும் யார் கண்ணில் படும்?

ஊராட்சி அளவில் உடனே தொடங்கக்கூடிய வேலைகள் உண்டு. தமிழகத்தில் 2022 முதல் மார்ச் 22, உலக நீர் நாளன்றும் கிராம சபை கூடுகிறது. கரைப்புதூரிலும் அதைச் சுற்றியுள்ள ஊராட்சிகளிலும் அந்த நாளுக்குள் ஒரு பள்ளப் பட்டியலைத் தயாரித்துவிட முடியும். கிராம வரைபடமும் புலப்படமும் வருவாய்த் துறையிடம் இருக்கின்றன; நிலத்தின் ஏற்ற இறக்கத்தைச் செயற்கைக்கோள் படங்கள் காட்டுகின்றன; எந்தத் தோட்டத்தில் எந்த வழியாகத் தண்ணீர் வரும் என்று சொல்ல அறுபது வயதைத் தாண்டிய விவசாயிகள் ஊர்தோறும் இருக்கிறார்கள். மூன்றையும் சேர்த்தால் பட்டா நிலத்துப் பள்ளங்களும் பட்டியலுக்குள் வந்துவிடும். ஊரக உள்ளாட்சிகளின் பதவிக்காலம் 2025 ஜனவரியில் முடிந்து தனி அலுவலர்கள் பொறுப்பேற்றதால், தீர்மானத்தை முன்னெடுக்கும் கடமை மாவட்ட நிர்வாகத்துக்கும் வந்து சேர்ந்தது.

பட்டியல் தயாராகி, நகர் ஊரமைப்பு இயக்ககத்தின் அனுமதி நடைமுறையில் சேரும்வரை, கண்ணுக்குத் தெரியும் எந்தப் பள்ளத்தின் கரையிலிருந்தும் 15 மீட்டருக்குள் புதிய மனைப்பிரிவுக்கு ஒப்புதல் கொடுப்பதை மாவட்ட ஆட்சியர் நிறுத்திவைக்க வேண்டும். பல்லடம் சாலையின் தரைப்பாலங்களில் அடைபட்டுக் கிடப்பவற்றை நெடுஞ்சாலைத் துறை அடுத்த ஐப்பசிக்குள் திறந்துவிட வேண்டும்.